மல்டிபேண்ட் கம்ப்ரெஸ்ஸர்: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

கோயில் கொடையில் பாடிய வில்லுப்பாட்டு ஒன்று, மிக்சரிலிருந்து நேராக எடுத்த ஸ்டீரியோ கோப்பாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடத்தின் வாயில் அடி விழும்போதெல்லாம் லோ பகுதி, அதாவது தாழ்ந்த ஒலிப் பகுதி, குபீரென்று எழுகிறது. சாதாரண கம்ப்ரெஸ்ஸரைப் (சத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது அமுக்கும் கருவி) போட்டால் குடத்தோடு புலவரின் குரலும் அமுங்குகிறது, வில்மணிகளும் மங்குகின்றன. ஈக்யூவில் (ஒலியின் லோ, மிட், ஹை பகுதிகளைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி) லோ பகுதியை வெட்டினால் குடம் அடங்குகிறது. ஆனால் குடம் ஓய்ந்திருக்கும் இடங்களில் பாட்டு மெலிந்து, வெறும் தொண்டையும் மணியுமாகக் கேட்கிறது. ஒலியைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அமுக்கும் மல்டிபேண்ட் கம்ப்ரெஸ்ஸர் தேவைப்படுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இதே கருவியை மாஸ்டர் ட்ராக்கில் (எல்லா ட்ராக்குகளும் வந்து சேரும் இடம்) பழக்கத்துக்காகப் போட்டு, ப்ரீசெட் (முன்பே அமைத்து வைத்த அளவுகள்) ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சத்தம் பெரிதாகிவிட்டது என்று திருப்திப்படுவதும் நடக்கிறது. நன்றாக அமைந்த மிக்ஸ் கெட்டுப்போவதற்கு அது போதும். எனவே குமிழ்களைத் திருகுவதற்கு முன், இது வேண்டுமா என்று முடிவு செய்யக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம்.

முடிவு எடுக்கும் வழி

முதலில், சிக்கல் பாட்டு முழுக்க இருக்கிறதா, இடையிடையே வந்து போகிறதா என்று கேளுங்கள். முழுக்க இருந்தால் அது ஈக்யூவின் வேலை. குரலில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் எந்நேரமும் கட்டிக்கொண்டு இருந்தால், அங்கே 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் வேலை முடிந்தது. அதற்கு மல்டிபேண்ட் போட்டால், எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் மீட்டர் பாட்டு முழுவதும் ஒரே இடத்தில் இறங்கியே நிற்கும். அப்படி நிற்பதைக் கண்டால் உடனே எடுத்துவிட்டு ஈக்யூ போடுங்கள்.

வந்து போகிறது என்றால் அடுத்த கேள்வி. அது வரும்போது எல்லாம் சேர்ந்து ஏறுகிறதா, ஒரு பகுதி மட்டும் ஏறுகிறதா? பாடகர் சரணத்தில் மொத்தமாகச் சத்தம் கூட்டினால் சாதாரண கம்ப்ரெஸ்ஸரோ, வால்யூம் ஆட்டோமேஷனோ போதும். ஒரு பகுதி மட்டும் ஏறினால் மல்டிபேண்டுக்கு வாருங்கள். அந்தப் பகுதியும் மிகக் குறுகியதாக இருந்தால், உதாரணமாக ஒரே ஒரு சுரம் அறையில் முழங்குகிறது என்றால், டைனமிக் ஈக்யூ இன்னும் நல்லது. டைனமிக் ஈக்யூ ஒலியைத் துண்டாகப் பிரிப்பதில்லை. ஒரு ஈக்யூ வளைவு தேவைப்படும்போது மட்டும் இறங்கி, பிறகு பழைய நிலைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

கடைசிக் கேள்வி பலருக்கும் விட்டுப்போகிறது. தனி ட்ராக் கிடைக்குமா? பேஸ் கிட்டார் சில சுரங்களில் மட்டும் முழங்குகிறது என்றால் அதை பேஸ் ட்ராக்கிலேயே சரிசெய்யுங்கள். மாஸ்டரில் லோ பேண்டை அமுக்கினால் கிக் (காலால் அடிக்கும் டிரம்), தவிலின் தொப்பி (தாழ்ந்து ஒலிக்கும் பக்கம்), கீபோர்டின் இடதுகை எல்லாம் சேர்ந்து அமுங்கும். மிக்ஸ் செய்தவரைத் தொலைபேசியில் பிடித்து, பேஸை 1.5 டெசிபல் குறைத்துத் திரும்ப அனுப்பச் சொல்வது, எந்த ப்ளக்-இன்னையும் (ஒலி மென்பொருளுக்குள் போடும் கருவி) விட நல்ல மாஸ்டரிங், அதாவது முடிந்த மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்கும் வேலை. அது முடியாத கோப்புகளுக்கு, அதாவது கொடையிலும் கிறிஸ்மஸ் ஆராதனையிலும் இரண்டே சேனலாக எடுத்த பதிவுகளுக்கு, மல்டிபேண்ட் உண்மையில் கைகொடுக்கும்.

உள்ளே நடப்பது

வருகிற ஒலியை கிராஸ்ஓவர் ஃபில்டர்கள் மூன்று, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பேண்டுகளாக (அதிர்வெண் பகுதிகளாக) பிரிக்கின்றன; இரண்டு பேண்டுகளுக்கு இடையிலான எல்லைதான் கிராஸ்ஓவர். ஒவ்வொரு பேண்டுக்கும் தனித் த்ரெஷோல்டு (அமுக்கம் தொடங்கும் அளவு), ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது), அட்டாக் (எவ்வளவு வேகமாக அமுக்குவது), ரிலீஸ் (எவ்வளவு நேரத்தில் விடுவது), கெயின் (சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது) உண்டு. பிறகு எல்லாம் மறுபடி ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. இந்தப் பிரித்துக் கூட்டும் வேலைக்கும் ஒரு விலை இருக்கிறது. சாதாரண கிராஸ்ஓவர் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள அதிர்வெண்களின் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் நேரநிலை) சுழற்றுகிறது. கம்ப்ரெஷன் எதுவும் நடக்காவிட்டாலும், ப்ளக்-இன் அங்கே இருப்பதனாலேயே இது நடக்கும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் பாட்டை இரண்டு ட்ராக்குகளில் ஒன்றுபோல் வையுங்கள். ஒன்றில் மல்டிபேண்டைப் போட்டு, எல்லா ரேஷியோவையும் 1:1 ஆக்கி, அந்த ட்ராக்கின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (அலையை மேல் கீழாகப் புரட்டுவது). மௌனம் வர வேண்டும். பல ப்ளக்-இன்களில் மௌனம் வராது. கிராஸ்ஓவர் இருக்கும் இடங்களில் மிச்சம் கேட்கும். இந்தக் காரணத்தினால்தான் தேவைக்கு மேல் பேண்டுகள் வைக்கக்கூடாது. மூன்று போதும் என்றால் ஐந்து வேண்டாம். ஒன்றில்தான் வேலை என்றால், மிதக்கும் ஒற்றை பேண்டு வைக்க வசதியுள்ள ஃபேப்ஃபில்டர் ப்ரோ-எம்பி போன்றவற்றை எடுங்கள். அதன் டைனமிக் ஃபேஸ் முறையில், கெயின் மாறும் நேரத்தில் மட்டுமே ஃபேஸ் மாறும்.

லீனியர் ஃபேஸ் முறை என்ற பொத்தான் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது ஃபேஸைச் சுழற்றாது என்பது சரி. ஆனால் அடி விழுவதற்குச் சற்று முன்பே அதன் நிழல் கேட்கும். கிராஸ்ஓவர் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நீளமாகக் கேட்கும். குடம், உடுக்கை, தவில் போல அடியின் கூர்மையை நம்பி நிற்கும் இசைக்கு இது பொருந்தாது. பாடகர் குழு, ஆர்கன், வயலின் போல நீண்டு ஒலிக்கும் இசைக்குப் பொருந்தும். தாமதமும் அதிகம், அதனால் பதிவு நேரத்தில் போடவே கூடாது.

இன்னொரு பொறி: மூல ட்ராக்கைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் மல்டிபேண்டைப் போட்டு இரண்டையும் கலப்பது. ஃபேஸ் சுழன்ற ஒலியும் சுழலாத ஒலியும் சேரும்போது கிராஸ்ஓவர் அருகே பள்ளம் விழும். பாரலல் வேண்டுமென்றால் ப்ளக்-இன்னுக்குள்ளேயே இருக்கும் மிக்ஸ் குமிழைப் பயன்படுத்திக் கேட்டுப் பாருங்கள், அல்லது லீனியர் ஃபேஸ் முறைக்கு மாறுங்கள்.

வில்லுப்பாட்டு ஸ்டீரியோ பதிவில் படிப்படியாக

கம்ப்ரெஸ்ஸருக்கு முன்னால் ஹை-பாஸ் ஃபில்டர் (ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழுள்ளதை வெட்டுவது). ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கமோ, குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களிலோ திறந்த வெளியில் பதிவு செய்தால், மைக்கில் காற்று மோதும் உறுமல் கட்டாயம் இருக்கும். அதன் பெரும்பகுதி மிகக் கீழே, காதுக்கு அவ்வளவாகத் தெரியாத இடத்தில் இருக்கும். காதுக்குத் தெரியாவிட்டாலும் கம்ப்ரெஸ்ஸருக்குத் தெரியும். காற்று வீசும்போதெல்லாம் லோ பேண்ட் இறங்கி, குடம் காரணமில்லாமல் ஒளிந்து ஒளிந்து வரும். 50 முதல் 60 ஹெர்ட்ஸில், ஆக்டேவுக்கு 18 அல்லது 24 டெசிபல் சரிவில் ஹை-பாஸ் வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடுத்து குடத்தைத் தேடுங்கள். மூன்று பேண்ட் வைத்து, லோ பேண்டை மட்டும் சோலோ செய்து, கிராஸ்ஓவரை 100 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே நகர்த்துங்கள். குடத்தின் முழக்கம் முழுதாகக் கேட்கத் தொடங்கி, குரலின் வார்த்தைகள் இன்னும் புகாத இடத்தில் நிறுத்துங்கள். குடத்தின் அளவைப் பொறுத்து இது மாறும். 150 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை பல பதிவுகளில் சரியாக வரும். வில்லுப்பாட்டில் ஆண்களும் மேல் சுருதியில்தான் பாடுவார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் இடம் கிடைக்கிறது. தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண் குரல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும்; அந்தப் பதிவுகளில் இந்த வழி இவ்வளவு எளிதாக அமையாது.

மேல் கிராஸ்ஓவரை 5000 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள். வில்மணிகளும் ஜால்ராவும் பெரும்பாலும் அதற்கு மேலே போகும், குரல் பெரும்பாலும் நடு பேண்டுக்குள் முழுதாக நிற்கும். குரலை ஒரே பேண்டுக்குள் வைப்பது மிக முக்கியம். குரலின் நடுவே 800 அல்லது 1500 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் விழுந்தால், ஒரே வார்த்தையின் பாதி ஒருவிதமாகவும் பாதி இன்னொரு விதமாகவும் அமுங்கும். ‘ஆ’ என்ற உயிரெழுத்தும் ‘ஈ’ என்ற உயிரெழுத்தும் வெவ்வேறு மைக்கில் பாடியது போல் ஆகிவிடும்.

நடு பேண்டின் கம்ப்ரெஷனை அணைத்து வையுங்கள். ஹை பேண்டையும் இப்போதைக்கு அணைத்து வையுங்கள். லோ பேண்டில் ரேஷியோ 3:1, அட்டாக் 20 மில்லி விநாடி, ரிலீஸ் 120 மில்லி விநாடி என்று தொடங்குங்கள். குடத்தின் பலமான அடிகளில் 4 முதல் 5 டெசிபல், சாதாரண அடிகளில் 1 அல்லது 2 டெசிபல் இறங்கும்வரை த்ரெஷோல்டைக் குறையுங்கள். குடம் இல்லாத இடத்தில் மீட்டர் அசையவே கூடாது. அசைந்தால் த்ரெஷோல்டு தாழ்ந்துவிட்டது, அல்லது கிராஸ்ஓவர் குரலுக்குள் ஏறிவிட்டது.

அடியின் ‘டப்’ என்ற தொடக்கம் செத்துப்போனால் அட்டாக்கை 30 வரை கூட்டுங்கள். அடிக்குப் பிறகு வரும் ‘ம்ம்’ என்ற நீட்சிதான் தொல்லை என்றால் அட்டாக்கை அப்படியே விட்டு ரிலீஸை 200 வரை நீட்டுங்கள். துரித நடையில் அடிகள் நெருக்கமாக வரும்போது நீண்ட ரிலீஸ் முழுதாகத் திரும்பி எழாது. குடம் நிரந்தரமாகத் தாழ்ந்து நிற்கும். கதையின் உச்சக்கட்டத்தில் நடை வேகமெடுக்கும் இடத்தைத் தனியாகக் கேட்டு ரிலீஸைச் சரிபாருங்கள். அமைதியான காப்புப் பாடலை மட்டும் கேட்டு முடிவு செய்தால் பிறகு ஏமாற்றம்தான்.

வில்மணிகள் காதைக் குத்தினால் மட்டும் ஹை பேண்டை இயக்குங்கள். ரேஷியோ 2:1, அட்டாக் 3 முதல் 5, ரிலீஸ் 60 முதல் 80, குறைவு 2 அல்லது 3 டெசிபல். அதற்கு மேல் போனால் வீசுகோல் நாணில் படும் துள்ளலே போய்விடும். மணிகளின் கூச்சல் அந்தக் கலையின் பகுதி. அதை அடக்கி வழவழப்பாக்குவது பதிவுக்குச் செய்யும் நன்மை அல்ல.

ஓர் எச்சரிக்கை: கூரைத் தகட்டில் மழை விழும் சத்தம், ஜெனரேட்டர், மின்விசிறி எல்லாம் சேர்ந்த பதிவாக இருந்தால் ஹை பேண்டின் மேக்கப் கெயினை (அமுக்கிய பிறகு சத்தத்தைக் கூட்டும் குமிழ்) தொடவே தொடாதீர்கள். பாடல் ஓய்ந்த இடைவெளியில் அந்த இரைச்சல் வீங்கி எழும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை காணும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிப்பதிவு செய்வோருக்கு இது அடிக்கடி வரும் சிக்கல்.

பேஸ் கிட்டார்

மிக்ஸில் மல்டிபேண்டுக்கு மிகத் தெளிவான வேலை கொடுக்கும் ட்ராக் இதுதான். சில சுரங்கள் முழங்கும், சில சுரங்கள் காணாமல் போகும். விரல் படும் மேல் சத்தம் மட்டும் சீராக இருக்கும். கிராஸ்ஓவரை 180 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் வைத்து, கீழே 4:1, அட்டாக் 25, ரிலீஸ் 120 முதல் 150 என்று பிடித்து, 4 முதல் 6 டெசிபல் குறைய விடலாம். மேல் பேண்டைத் தொடாமல் விட்டால் விரலின் உயிர் அப்படியே இருக்கும்.

அட்டாக்கையும் ரிலீஸையும் ஏன் இவ்வளவு நிதானமாக வைக்க வேண்டும் என்றால், நான்கு கம்பி பேஸின் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் ஒரு அலைக்கே ஏறத்தாழ 24 மில்லி விநாடி ஆகிறது. ரிலீஸை 20 மில்லி விநாடியில் வைத்தால் கம்ப்ரெஸ்ஸர் சுரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடராமல், ஒவ்வொரு அலையின் வடிவத்தையே பிடித்து வளைக்கும். அது கரகரப்பாகக் கேட்கும். பேஸில் காரணம் தெரியாத கரகரப்பு வந்தால் முதலில் ரிலீஸைப் பாருங்கள்.

கிக்கும் பேஸும் மோதினால், பேஸ் ட்ராக்கின் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பேண்டை மட்டும் கிக்கின் சைட்செயினுக்கு (கிக் ஒலிக்கும்போது கம்ப்ரெஸ்ஸரை இயக்கும் இணைப்பு) இறங்கச் செய்யலாம். 2 அல்லது 3 டெசிபல் போதும். முழு பேஸையும் இறக்கும் சாதாரண சைட்செயினில் தெரியும் ஆட்டம் இதில் தெரியாது.

குரலும் பாடகர் குழுவும்

தனிப் பாடகர் மைக்குக்கு நெருங்கியும் விலகியும் பாடுகிறார் என்று வையுங்கள். நெருங்கும்போது 120 முதல் 250 ஹெர்ட்ஸ் வீங்கும், விலகும்போது மெலியும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு பேண்ட், 3:1, அட்டாக் 10 முதல் 15, ரிலீஸ் 100. நெருங்கிய வரிகளில் 3 அல்லது 4 டெசிபல் இறங்கினால் இரண்டு நிலைக்கும் குரலின் உடல் ஒத்துவரும். மேல் சுரத்தில் குரல் கத்திபோல் வருகிறதா? அதற்கு 2500 முதல் 4500 வரை இன்னொரு பேண்ட். ‘ச’, ‘ஸ’ சீறினால் 5000க்கு மேலே டீ-எஸ்ஸர் போடுங்கள். டீ-எஸ்ஸரும் அடிப்படையில் ஒற்றை பேண்ட் கம்ப்ரெஸ்ஸர்தான் என்பதால் இரண்டையும் ஒரே இடத்தில் அடுக்க வேண்டாம். அடுக்கினால் பாடகருக்குப் பல் இல்லாதது போல் ‘ச’ எல்லாம் மழுங்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் ஈக்யூவில் நிரந்தரக் குறைகளை வெட்டுங்கள், பிறகு மல்டிபேண்ட், அதற்குப் பிறகு சாதாரண கம்ப்ரெஸ்ஸர். மல்டிபேண்ட் முன்னால் நின்று வீக்கத்தை எடுத்துவிட்டால், பின்னால் வரும் கம்ப்ரெஸ்ஸர் குரலின் சத்தத்தை மட்டும் கவனித்து அமைதியாக வேலை செய்யும்.

தேவாலயப் பாடகர் குழு வேறு கதை. உயரமான கூரையும் கல் சுவரும் உள்ள பழைய தேவாலயங்களில் இரண்டு மைக் வைத்து எடுத்த கேரல் பதிவுகளில், சோப்ரானோ (குழுவின் மேல் குரல்) மேலே ஏறும்போது 2000 முதல் 4500 வரை திடீரென்று கூர்மையாகும்; ஆல்டோவும் டெனரும் அப்படியே இருப்பார்கள். அந்த ஒரு பேண்ட் மட்டும் 2:1, அட்டாக் 15, ரிலீஸ் 150 முதல் 200. குறைவு 2 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ரிலீஸ் குறுகினால் கட்டடத்தின் எதிரொலி ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் மேலே துள்ளும். எதிரொலி உள்ள எந்தப் பதிவிலும் முதலில் கேட்க வேண்டியது சொல் முடியும் இடத்தைத்தான். 250 முதல் 400 வரை மண்டபம் எந்நேரமும் கும்மென்று இருந்தால் அது மல்டிபேண்டின் வேலையே அல்ல, ஈக்யூவில் எடுங்கள்.

போடக்கூடாத இடங்கள்

சிங்காரி மேளம். செண்டையின் ஒரு அடி லோ, மிட், ஹை மூன்றிலும் ஒரே கணத்தில் வந்து ஒரே கணத்தில் போகிறது. அதை மூன்றாகப் பிரித்து வெவ்வேறு அட்டாக்கில் பிடித்தால், அடிக்கு அடி குணம் மாறும். பத்துப் பேர் சேர்ந்து அடிப்பதன் ஒற்றுமை சிதறிவிடும். இங்கே லிமிட்டரோ (உச்சத்தை ஓர் எல்லைக்கு மேல் விடாத கருவி), மெல்லிய கிளிப்பரோ (உச்சத்தின் நுனியை வெட்டும் கருவி), அல்லது பதிவின்போதே மைக் கெயினைக் குறைத்து வைப்பதோதான் வழி.

நையாண்டி மேளத்தில் நாதசுரம் மேல் ஸ்தாயியில் குத்தினால், அது குறுகிய இடம். டைனமிக் ஈக்யூவில் ஒரு புள்ளி போதும். தவிலுக்கும் நாதசுரத்துக்கும் ஒரே மைக் என்றால் 2000 முதல் 4000 வரை பேண்ட் வைத்து அமுக்குவது தவிலின் வலந்தலையையும் (கூர்ந்து ஒலிக்கும் பக்கம்) கொன்றுவிடும், ஏனென்றால் அந்த நாதமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

வயலினும் மிருதங்கமும் தனியாக ஒலிக்கும் கச்சேரிப் பதிவுகளுக்கும், சத்தத்தின் ஏற்ற இறக்கமே அழகாக இருக்கும் எதற்கும், இதைத் தவிர்ப்பது நல்லது.

மாஸ்டரிங்கில்

மிக்ஸில் 5 டெசிபல் இறங்கலாம்; மாஸ்டரிங்கில் 2 டெசிபல் இறங்கினாலே அதிகம். ரேஷியோ 1.3:1 முதல் 2:1 வரை. லோ பேண்டில் அட்டாக் 30 முதல் 50, ரிலீஸ் 150 முதல் 250. மேலே போகப் போக இரண்டும் கொஞ்சம் குறையலாம். கிராஸ்ஓவர்களை 110 முதல் 130க்குள் ஒன்றும், 5000 முதல் 6000க்குள் ஒன்றுமாக வைத்தால் குரலும் பெரும்பாலான வாத்தியங்களும் நடுவில் பிரிபடாமல் இருக்கும்.

ஒரே ஒரு பேண்டில்தான் வேலை இருக்க வேண்டும் என்பது நல்ல கட்டுப்பாடு. மூன்றிலும் வேலை இருப்பதாகத் தோன்றினால் மிக்ஸைத் திருப்பி அனுப்புங்கள், அல்லது மொத்த மிக்ஸையும் பிரிக்காமல் அமுக்கும் சாதாரண பஸ் கம்ப்ரெஸ்ஸரைப் போடுங்கள். எல்லாப் பேண்டும் எந்நேரமும் இறங்கிக்கொண்டே இருந்தால் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் உள்ள வேறுபாடு கரைந்துவிடும். பல்லவியில் சிம்பல் வந்து ஒலி பிரகாசமாக வேண்டும் என்றுதான் இசையமைத்தவர் அப்படி வைத்திருக்கிறார். ஹை பேண்ட் அதை அமுக்கிச் சரணத்தின் அளவுக்கே கொண்டுவந்தால், அமைப்பின் நோக்கமே போய்விட்டது.

மேக்கப் கெயின் தனிக் கவனம் கேட்கிறது. தானியங்கி மேக்கப்பை முதலில் அணையுங்கள். ஹை பேண்டில் 2 டெசிபல் கூட்டினால் அது 5000க்கு மேலே ஷெல்ஃப் ஈக்யூ (அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுவது) போட்டதற்குச் சமம். பாட்டு திடீரென்று பளிச்சென்று ஆவது கம்ப்ரெஷனால் அல்ல, இந்தக் கூட்டலால். சோதிக்க எளிய வழி உண்டு: மல்டிபேண்டை பைபாஸ் செய்து (தற்காலிகமாக விலக்கி), அதே இடத்தில் அதே அளவு ஈக்யூ போட்டுக் கேளுங்கள். ஏறத்தாழ அதே பலன் வந்தால் ஈக்யூவையே வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் சிக்கல் குறையும், அமுக்கமும் இல்லை.

சத்தத்தைப் பெரிதாக்குவதற்காக மட்டும் இதைப் போடுவோருக்கு: ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் பாட்டுகளை -14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புகிறது, யூடியூபும் அதைவிடச் சத்தமானதைத் தாழ்த்திவிடுகிறது. -8 லஃப்ஸில் நெருக்கி அனுப்பினால் அமுக்கம் மட்டும் மிஞ்சும், சத்தம் மிஞ்சாது. லிமிட்டரின் உச்சத்தை -1 டெசிபல் ட்ரூ பீக்கில் (அலையின் உண்மையான உச்ச அளவு) நிறுத்துங்கள்.

அறை சொல்லும் பொய்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டின் ஒரு அறையையே ஸ்டுடியோவாக்கி வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி கான்கிரீட் அறையில், 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் பக்கமும், 12 அடி இடைவெளியில் நிற்கும் சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸ் பக்கமும் நிற்கும் அலைகள் உருவாகும். பேஸ் அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம் அறை முழங்கும். பாட்டில் முழக்கம் இருப்பதாக எண்ணி லோ பேண்டை அமுக்கினால், வெளியே அந்தப் பாட்டில் அடித்தளமே இருக்காது. சந்தேகம் வந்தால் நாற்காலியை இரண்டடி நகர்த்திக் கேளுங்கள். முழக்கம் மாறினால் குற்றம் அறையுடையது. திறந்த வகை ஹெட்போனில் அதே இடத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரையோ கொடை பந்தலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரையோ வைத்து லோ பேண்டை முடிவு செய்ய முடியாது, அவை இரண்டும் அந்தப் பகுதியைச் சரியாக ஒலிப்பதே இல்லை. குரல் தெளிவைப் பார்க்க மட்டும் அவை உதவும்.

எந்த ப்ளக்-இன்

கையில் இருப்பதே போதும். பதிவு மென்பொருள்களில், லாஜிக்கில் மல்டிப்ரெஸ்ஸர், கியூபேஸில் நான்கு பேண்ட் மல்டிபேண்ட் கம்ப்ரெஸ்ஸர், எஃப்எல் ஸ்டுடியோவில் மேக்ஸிமஸ், ஏபிள்டன் லைவில் மூன்று பேண்ட் மல்டிபேண்ட் டைனமிக்ஸ் இருக்கின்றன. ரீப்பரில் ரியாஎக்ஸ்காம்ப் உள்ளேயே வருகிறது; விண்டோஸில் வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டைனமிக் ஈக்யூவுக்கு டோக்கியோ டான் லேப்ஸின் டிடிஆர் நோவா இலவசம், தரத்தில் குறையில்லை. எக்ஸ்ஃபரின் ஓ.டி.டி. என்பதும் மூன்று பேண்ட் கருவிதான், ஆனால் அது மேலிருப்பதை அமுக்குவதோடு கீழிருப்பதை மேலே தூக்கவும் செய்யும். சிந்த் (சிந்தசைசர்) ட்ராக்கில் டெப்த்தை (விளைவின் அளவை) 10 முதல் 30 சதவீதத்துக்குள் வைத்தால் நன்றாக இருக்கும். குரலிலும் மாஸ்டரிலும் வேண்டாம்.

முடிவைச் சரிபார்க்கும் முறை

ப்ளக்-இன்னின் வெளியீட்டை மூலத்தோடு சத்தத்தில் சமப்படுத்துங்கள்; லஃப்ஸ் மீட்டரில் 0.2க்குள் ஒத்துவர வேண்டும். சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும் என்பதால் இதைச் செய்யாமல் எந்த ஒப்பீட்டுக்கும் பொருளில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பைபாஸை மாற்றி மாற்றி அழுத்துங்கள். மூன்று இடங்களில் கேளுங்கள்: சிக்கல் இருந்த இடம், சிக்கலே இல்லாத அமைதியான இடம், பாட்டின் உச்சம். முதல் இடத்தில் வேறுபாடு தெரிய வேண்டும், இரண்டாவதில் தெரியவே கூடாது. இரண்டாவதில் குரல் தள்ளிப்போனது போலவோ, இடது வலது அகலம் ஆடுவது போலவோ தோன்றினால் ஸ்டீரியோ லிங்க் (இடது வலது இரண்டையும் ஒரே அளவில் அமுக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிராஸ்ஓவரை நகர்த்துங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் அந்தப் பாட்டுக்கு டைனமிக் ஈக்யூவைப் போடுங்கள்.